பின்பக்கத்தைக் காட்டச் சொல்லும் ஆட்கள் எங்கே போனார்கள்?

பழையநூல் (சென்னை)

போன வாரம் என் தங்கை மகள் ஒரு ப்ளவுஸைக் கொண்டு வந்தாள். அவளே ஆரி வேலை (கொக்கி ஊசியால் போடும் பூத்தையல்) செய்தது, கழுத்தைச் சுற்றி மூன்று வரிசை சங்கிலித் தையல், நடுவில் சுகர் பீட்ஸ் என்கிற பொடி மணிகள், பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இரண்டு முறை போட்டு ஒரு முறை துவைத்ததும் வலது தோள் பக்கம் ஒரு வரிசை அப்படியே பொலபொலவென்று பிரிந்து வந்துவிட்டது. திருப்பிக் காட்டு என்றேன். "எதுக்கு பெரியம்மா பின்பக்கம்?" என்று கேட்டாள். ஒரு வருடமாக அவள் இன்ஸ்டாகிராமில் படம் போடுகிறாள், இதுவரை ஒருவர்கூட அவளிடம் பின்பக்கத்தைக் காட்டச் சொன்னதில்லையாம்.

எனக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. 2006-இல் இணையத்தில் ஒரு ஆங்கில எம்ப்ராய்டரி மன்றத்தில் சேர்ந்து, என் முதல் குஷன் உறையைப் படம் எடுத்துப் போட்டேன். நான்கு மாத வேலை. வந்த முதல் பதில் ஒரே வரி: பின்பக்கத்தின் படம் இருக்கிறதா? பாராட்டு ஒன்றும் இல்லை. கோபத்தோடுதான் போட்டேன். இலைக்கு இலை நூல் தாவியிருந்தது, பச்சைப் பட்டாணி அளவுக்கு முடிச்சுகள், ஒரு இடத்தில் இழுத்த இழுப்பில் துணியே சுருங்கியிருந்தது. எங்கோ வேறொரு நாட்டில் இருந்த ஒரு பெண்மணி என் படத்தின் மேலேயே சிவப்பில் அம்புக்குறி வரைந்து, மூன்று பத்தி எழுதி, எந்த முடிச்சை எப்படித் தவிர்ப்பது, நூல் வாலை ஏற்கெனவே போட்ட தையலுக்கு அடியில் எப்படி நுழைத்து விடுவது என்று சொல்லிக் கொடுத்தார். நான் கற்றுக்கொண்டதில் பாதி அந்த மூன்று பத்திதான்.

இப்போது நானும் இன்ஸ்டாவில் போடுகிறேன். இருநூறு இதயம் வரும். சூப்பர் சிஸ், செம்ம அக்கா, விலை என்ன. குறை சொல்ல ஒரு ஆள் இல்லை.

என்ன ஆயிற்று நமக்கு? இல்லை, எனக்குத்தான் வயதாகிவிட்டதா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

ஆரிக்காரி (ஈரோடு)

அக்கா, மரியாதையாகவே மறுக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் சொல்லும் மன்றத்தில் நான் சேர்ந்திருக்கவே முடியாது. பிளஸ் டூ தமிழ் மீடியம். மூன்று பத்தி ஆங்கிலத்தில் எழுதினால் எனக்கு என்ன புரியும்? அதோடு அந்த மன்றங்களில் ஆரி இருந்ததா? கிராஸ் ஸ்டிட்ச் இருந்திருக்கும், க்வில்ட் இருந்திருக்கும். நம் ப்ளவுஸ் கழுத்துக்கு ட்ரேஸிங் எப்படி எடுப்பது என்று அங்கே யாரைக் கேட்பது?

நான் எண்ணெய் டின்னில் போனைச் சாய்த்து வைத்துத்தான் படித்தேன். முதல் குழந்தைக்கு எட்டு மாதம் அப்போது. நேரில் வகுப்புக்குப் போகக் காசும் இல்லை, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளும் இல்லை. யூடியூபில் ஒரு அக்கா ஸ்டாண்ட் கட்டுவதிலிருந்து ஊசியை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதுவரை தமிழில் காட்டினார். ஊசி திரும்புகிற அந்த அரைச் சுற்றை எழுத்தில் எத்தனை பத்தி எழுதினாலும் சொல்லிவிட முடியாது.

அப்புறம் அந்த "விலை என்ன" என்ற கமெண்ட். அதைக் கிண்டல் செய்கிறீர்கள். எனக்கு அதுதான் சிலிண்டர் காசு.

கொக்கிமீன் (கோயம்புத்தூர்)

ரெண்டு பேருக்கும் நடுவில் நான் மாட்டிக்கொண்டேன்.

முதலில் சமூக வலைத்தளத்துக்கு நன்றி சொல்லிவிடுகிறேன். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் பிரிட்டன் டைவிங் வீரர் டாம் டேலி பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்த படம் உலகம் முழுக்கச் சுற்றியதே, அதைப் பார்த்துத்தான் ஆண்களும் இதைச் செய்யலாம் போலிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. மன்றமாக இருந்தால் ஏற்கெனவே ஊசியைக் கையில் எடுத்தவன்தான் அந்தப் பக்கம் வருவான், என்னை மாதிரி ஆள் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன்.

ஆனால் மாட்டிக்கொண்டபோது என்னைக் காப்பாற்றியது மன்றம்தான். பாட்டி கான்வென்ட்டில் படித்த காலத்து குரோஷா (ஒற்றைக் கொக்கி ஊசியால் பின்னுவது, ஆங்கிலத்தில் குரோஷே) புத்தகம் ஒன்று வீட்டில் இருந்தது. அதில் இருந்த குழந்தைத் தொப்பியை, வீடியோ பார்த்துக் கற்ற தையலை வைத்துப் பின்னினேன். வந்தது இட்லிக் குண்டானுக்கு மூடியாகப் போடுகிற அளவில். பிரித்தேன், மறுபடி பின்னினேன், மறுபடியும் குண்டான் மூடி. வீடியோவுக்குக் கீழே கேட்டேன், ஒரு இதயமும் ஒரு சிரிப்புப் பொம்மையும் கிடைத்தது. கடைசியில் தேடித் தேடி 2009-இல் எழுதிய ஒரு மன்ற இழையில் (ஒரு கேள்வியும் அதற்கு வந்த பதில்களும்) போய் விழுந்தேன். விஷயம் இதுதான்: அமெரிக்கர்கள் சிங்கிள் குரோஷே என்று சொல்வதை பிரிட்டனில் டபுள் குரோஷே என்பார்கள். அமெரிக்க டபுள்தான் பிரிட்டிஷ் டிரெபிள். ஒரே பெயர், வேறு வேறு உயரம். என் புத்தகம் பிரிட்டிஷ், என் வீடியோ அமெரிக்கா. அதில் ஒருவர் ஒரு வழியும் சொல்லியிருந்தார். பேட்டர்னில் (பின்னும் முறையை எழுதிய குறிப்பில்) எங்கேயாவது சிங்கிள் குரோஷே என்ற சொல் இருந்தால் அது அமெரிக்க முறை, ஏனென்றால் பிரிட்டிஷ் முறையில் அப்படி ஒரு சொல்லே கிடையாது.

அவருக்கு நன்றி சொல்லலாம் என்று போனால் கடைசியாக உள்ளே வந்தது 2012 என்று காட்டியது. இருந்தாலும் ஒரு மெசேஜ் அனுப்பி வைத்தேன். இன்றுவரை பதில் இல்லை.

பழையநூல் (சென்னை)

@ஆரிக்காரி கோபம் ஒன்றும் இல்லை அம்மா. விலை என்ன என்பதைக் கிண்டல் செய்தது தப்புதான், எடுத்துக்கொள்கிறேன். ஊசி திரும்புவதும் சரி, வீடியோவில்தான் தெரியும்.

நான் கேட்டது வேறு. வீடியோ உங்களுக்குச் செய்து காட்டுகிறது. நீங்கள் செய்ததை யார் பார்க்கிறார்கள்?

மன்றக்காவல் (மதுரை)

நான் 2008-இலிருந்து 2016 வரை ஒரு சின்னக் கைவினை மன்றம் நடத்தியவன். அல்காரிதம் வந்து கெடுத்தது, பேஸ்புக் வந்து கெடுத்தது என்று எல்லோரும் சொல்வார்கள். என்னைக் கேட்டால் முதல் அடி போன் கேமராவிலிருந்து விழுந்தது.

யோசித்துப் பாருங்கள். அன்று மன்றத்தில் ஒரு படம் போட வேண்டுமானால் கேமராவிலிருந்து கணினிக்கு மாற்ற வேண்டும், அளவைக் குறைக்க வேண்டும், வேறொரு தளத்தில் ஏற்ற வேண்டும், அது கொடுக்கும் இணைப்பை நகலெடுத்து, சதுர அடைப்புக்குறிக்குள் போட்டு இங்கே ஒட்ட வேண்டும். கணினி முன்னால் உட்கார்ந்திருந்த காலத்தில் யாருக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை. போனிலேயே படம் எடுத்து, போனிலேயே ஒரு தட்டுத் தட்டினால் முடிந்தது என்று ஆனதும், எங்கள் உறுப்பினர்களே "படம் போட மட்டும்" என்று பேஸ்புக்கில் ஒரு குழு தொடங்கினார்கள். நானும் அதில் சேர்ந்தேன், வாழ்த்தும் சொன்னேன். ஆறு மாதத்தில் கேள்விகளும் அங்கே போய்விட்டன. படம் இருக்கும் இடத்தில்தானே கேள்வி வரும்.

மீதி இருந்தது ஸ்பேம். காலையில் எழுந்தால் மூக்குக்கண்ணாடி விளம்பரம், மருந்து விளம்பரம், அதை அழிப்பதே வேலை. சர்வர் காசு என் கையிலிருந்து. ஒரு நாள் மென்பொருளைப் புதுப்பிக்கப் போய், தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாக மாறிவிட்டது. அன்றைக்குக் கதவைச் சாத்தினேன். தரவுத்தளம் இன்னும் ஒரு ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது, என் மனைவி மூன்று முறை வீசப் பார்த்தாள்.

பெரிய இடங்களுக்கும் இதே கதிதான். கிராஃப்ட்ஸ்டர் 2003-இல் தொடங்கியது, ஒரு காலத்தில் இணையத்தில் கைவேலை என்றாலே அதுதான், 2019-இல் மூடிவிட்டார்கள். யாஹூ குரூப்ஸில் பின்னல், பட்டன் சேகரிப்பு, பொம்மை வீடு என்று ஒவ்வொன்றுக்கும் குழு இருந்தது. 2019 அக்டோபரில் அறிவித்தார்கள், 2020 ஜனவரி கடைசியோடு பழைய கோப்புகள், படங்கள், செய்திகள் எல்லாம் அழிப்பு, அந்த ஆண்டு டிசம்பரில் சேவையே முடிந்தது. தன்னார்வலர்கள் முடிந்தவரை நகலெடுத்தார்கள், ஆனால் எல்லாவற்றையும் எடுக்க முடியவில்லை.

இன்னொன்று, இது வெளியே அதிகம் பேசாத விஷயம். மன்றம் உயிரோடு இருந்தும் படங்கள் செத்துப்போனது. 2017 நடுவில் போட்டோபக்கெட் என்ற படம் ஏற்றும் தளம் தன்னிடம் இருக்கும் படத்தை வேறு தளத்தில் காட்ட வேண்டுமானால் ஆண்டுக்கு 399.99 டாலர் என்றது. உலகம் முழுக்க மன்றங்களில் பல வருடத்துப் படங்கள் ஒரே நாளில் மறைந்து, அந்த இடத்தில் கணக்கைப் புதுப்பிக்கச் சொல்லும் ஒரு அறிவிப்புப் படம் நின்றது. கீழே எழுத்து அப்படியே இருக்கும். "படத்தில் மூன்றாவது அம்புக்குறியைப் பாருங்கள்" என்று. அம்பு எங்கே?

பழையநூல் (சென்னை)

என் குஷன் உறைப் படமும் அப்படித்தான் போனது, எந்தத் தளம் என்று சொல்ல விரும்பவில்லை. அந்த அம்மா எழுதிய மூன்று பத்தி மட்டும் இருக்கிறது. குருடருக்கு வழி சொன்ன மாதிரி, இடது மேல் மூலை, இலைக்குப் பக்கத்தில் என்று போகிறது. இலை இல்லை.

ஸ்கார்பரோ_அம்மம்மா (கனடா)

வணக்கம் பிள்ளைகள். நான் எழுதுவது குறைவு, பேரன்தான் தட்டச்சுச் செய்து தாறான், பிழை இருந்தால் அவனோடு கதையுங்கோ.

உங்கட மன்றங்களில் நானும் கொஞ்சக் காலம் இருந்தனான். ஒரு கேள்வி கேட்டால் உடனே ஒருவர் வந்து "முதலில் தேடிப் பாருங்கள், இது பத்துத் தரம் கேட்கப்பட்டது" என்று எழுதுவார். கேட்ட எனக்கு முகம் சிவந்துவிடும். பிறகு ஏன் வாயைத் திறப்பான் என்று இருந்துவிட்டன். அதையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேணும், எல்லாரும் அந்த மூன்று பத்தி எழுதின அம்மா இல்லை.

இப்ப நான் இருக்கிற பேஸ்புக் குழுவில் ஒவ்வொரு கிழமையும் ஒரே கேள்விதான் வரும். போர்வை ஓரம் ஏன் உள்ளே வளைகிறது? தையல் குறைந்துபோச்சு, வரிசைக்கு வரிசை எண்ணிப் பார் பிள்ளை. இதையே நான் நூறு தரம் சொல்லியிருப்பன். அலுக்கவில்லை. கேட்கிறது வேறு வேறு பிள்ளைதானே. குரலில் பதில் சொல்லி அனுப்பலாம், எனக்கு அது பெரிய உதவி, விரல் மூட்டு நோகுது.

அதோடு சென்னையில் 2016 ஜனவரியில் குரோஷா போர்வை உலக சாதனை செய்தார்களே, 11,148.5 சதுர மீட்டர், கின்னஸில் ஏறியது. அது முழுக்க ஒரு பேஸ்புக் குழுவில் தொடங்கினது. ஊர் ஊராக, நாடு நாடாகப் பெண்கள் துண்டு துண்டாகப் பின்னி அனுப்பி, கடைசியில் நிலத்தில் விரித்துச் சேர்த்தார்கள். பிறகு அந்தப் போர்வைகளை இல்லாத சனத்துக்குக் கொடுத்தார்கள். மன்றத்தில் அப்படி ஒரு ஆள் கூட்டம் சேருமோ? நான் நினைக்கவில்லை.

கொக்கிமீன் (கோயம்புத்தூர்)

அம்மம்மா, "முதலில் தேடு" என்கிற ஆட்கள் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு. எனக்கும் ஒன்று விழுந்திருக்கிறது.

ஆனால் நீங்கள் நூறு தரம் சொல்கிறீர்கள், நூற்றொன்றாவது தரம் நீங்கள் ஊரில் இல்லாவிட்டால்?

ஒயர்கூடை (திருச்சி)

குரோஷா, ஆரி எல்லாம் பெரிய இடத்துச் சமாசாரம். நம்முடையது பிளாஸ்டிக் ஒயர் கூடை. இதற்கு எந்த நாட்டு மன்றமும் இருந்ததில்லை, அம்மாவின் திண்ணைதான் மன்றம். மத்தியானம் மூன்று மணிக்கு நாலு பேர் உட்காருவார்கள், ஒருவர் அடி போடுவார், ஒருவர் நெல்லிக்காய் முடிச்சு, ஒருவர் சிவன் கண். தப்பாகப் போட்டால் பக்கத்து வீட்டு அத்தை கையிலிருந்து கூடையைப் பிடுங்கிப் பிரித்துவிடுவார், கேட்கவே மாட்டார். பழையநூல் அக்கா சொல்கிற பின்பக்கம் காட்டு என்பதற்கு எங்கள் ஊர் வடிவம் அது.

நடுவில் கட்டைப் பையும் பாலிதீன் பையும் வந்து இந்தக் கூடை கிட்டத்தட்டக் காணாமல் போனது. திரும்பி வந்தது யூடியூபால்தான், அதில் சந்தேகமே இல்லை. ஒன்றரை ரோல் கூடை, இரண்டு ரோல் கூடை, மூன்று ரோல் கூடை என்று தலைப்பிலேயே ரோல் கணக்கைப் போட்டு வீடியோ வருகிறது, பார்க்கிற ஆள் கடைக்குப் போய் அத்தனை ரோல் வாங்கிவிடலாம். திண்ணையில்கூட இவ்வளவு தெளிவு இல்லை.

ஆனால் ஒன்று. எந்த வீடியோவைத் திறந்தாலும் கீழே ஒரே கேள்வி: ஒயர் எத்தனை வெட்ட வேண்டும், நீளம் எவ்வளவு? வீடியோவில் சொல்லியிருப்பார்கள், நாலாவது நிமிடத்தில், பாட்டுச் சத்தத்துக்கு நடுவில். பதில் போட்டுப் போட்டு அந்த அக்காவும் ஓய்ந்துவிட்டார். வாட்ஸாப் குழுவிலும் இருக்கிறேன். நான் சேர்ந்த நாளுக்கு முந்தைய பேச்சு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை, ஆக நான் கேட்டதும் ஏற்கெனவே கேட்ட கேள்வியாகத்தான் இருந்திருக்கும், யாரும் திட்டவில்லை, யாரும் பதிலும் சொல்லவில்லை, அதற்குள் ஒருவர் காலை வணக்கம் ரோஜாப்பூ போட்டுவிட்டார்.

இன்னொரு தொல்லை வேகம். ஒரு கூடைக்கு எனக்கு வீட்டு வேலை போக மூன்று நாள். ரீல்ஸ்காரர்கள் தினம் ஒன்று போட்டால்தான் ஆட்களிடம் போய்ச் சேரும் என்கிறார்கள். 2020 ஜூன் கடைசியில் டிக்டாக்கைத் தடை செய்தார்கள், அடுத்த மாதமே இன்ஸ்டா இங்கே ரீல்ஸைக் கொண்டு வந்தது, அதிலிருந்து எல்லாம் ஓட்டம்தான். அதனால் என்ன ஆகிறது, சீக்கிரம் முடிகிற கூடையையே எல்லோரும் போடுகிறார்கள். போன தீபாவளிக்கு நான் பார்த்த பத்துக் கணக்கிலும் அதே இரண்டு நிறம், அதே குட்டிக் கூடை. சிவன் கண் போடுகிற ஆட்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், அதில் நேரம் பிடிக்கும்.

இடதுகை (சிங்கப்பூர்)

ஒன்றே ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். நான் இடது கைப் பழக்கம். புத்தகத்தில் படம், மன்றத்தில் விளக்கம், எல்லாம் வலது கைக்காரர்களுக்கு. வீடியோவை ஒரு ஆப்பில் கண்ணாடி பிம்பமாகத் திருப்பிப் பார்த்த அன்றைக்குத்தான் பதினைந்து வருடமாக எனக்கு வராத தையல் வந்தது. மன்றத்துக்காக அழ என்னால் முடியாது, மன்னிக்கவும்.

மன்றக்காவல் (மதுரை)

@இடதுகை நியாயம்.

ரேவல்ரி மட்டும் ஏன் இன்னும் நிலைத்து நிற்கிறது என்று ஒருவர் தனிமெசேஜில் கேட்டார். 2007-இல் வந்த பின்னல்-குரோஷா தளம், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் கணிப்பு இது: அதில் பேச்சு மட்டும் இல்லை. ஒவ்வொருவரும் தான் பின்னியதை எந்த நூல், எந்த அளவு ஊசி, பேட்டர்னில் எதை மாற்றினேன், எங்கே சொதப்பினேன் என்று பதிந்து வைக்கிறார்கள். ஒரு பேட்டர்னைத் திறந்தால் அதைப் பின்னிய அத்தனை பேரின் நோட்டுப் புத்தகமும் கீழே வரிசையாக இருக்கும். குண்டாகத் தெரிகிறது, கை நீளம் இரண்டு அங்குலம் குறைத்தேன், அந்த நிறத்தில் சாயம் போகிறது. அதை எந்த ரீல்ஸும் கொடுக்காது. நூல் பட்டியலுக்காக வருகிறவன் பேச்சுக்கும் நின்றுவிடுகிறான்.

அங்கேயும் சண்டை இல்லாமல் இல்லை. 2020 ஜூனில் தளத்தின் தோற்றத்தை மாற்றினார்கள், புதுத் தோற்றத்தைப் பார்த்தால் ஒற்றைத் தலைவலி வருகிறது, கண் கூசுகிறது என்று ஏராளமானவர்கள் சொன்னார்கள், அதில் கிளம்பிப் போனவர்களும் உண்டு. பழைய நோட்டுப் புத்தகம் முழுக்க அடுத்தவர் வீட்டு அலமாரியில் இருந்தால் இதுதான் கதி, அலமாரிக்குப் பெயின்ட் அடிக்க அவர்கள் நம்மைக் கேட்க மாட்டார்கள்.

கொக்கிமீன் (கோயம்புத்தூர்)

பின்னியதைப் பதிந்து வைக்கிற ஆட்கள் என்றதும் ஞாபகம் வருகிறது, இதையும் இங்கே எழுதி வைக்கிறேன், யாருக்காவது காசு மிச்சமாகட்டும்.

மூன்று மாதம் முன்னால் ஒரு குரோஷா யானை பொம்மைப் படம் என் கண்ணில் பட்டது. அப்படி ஒரு அழகு. ஆயிரக்கணக்கில் லைக். கீழே பேட்டர்ன் வாங்க இணைப்பு, 300 ரூபாய். வாங்கினேன். உருண்டை பொம்மை பின்னுகிறவர்களுக்குத் தெரியும், ஆறு தையலில் தொடங்கினால் 6, 12, 18, 24 என்று வரிசைக்கு ஆறு ஆறாகக் கூடிக்கொண்டே போனால்தான் வட்டம் தட்டையாக வரும். விற்றவன் கொடுத்த தாளில் 18-க்கு அடுத்தது 27, அதற்கு அடுத்தது 25. காதுக்கு நூல் கணக்கே இல்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தையல் ஒன்றோடு ஒன்று கரைந்து போகிறது, வரிசையை எண்ணவே முடியவில்லை, தும்பிக்கையில் ஒரு பக்கம் குரோஷா, மறுபக்கம் இரட்டை ஊசிப் பின்னல். கம்ப்யூட்டர் வரைந்த யானை.

நான் போய் அந்தப் படத்துக்குக் கீழே எழுதினேன், இது நிஜம் இல்லை, எண்ணிப் பாருங்கள் என்று. அழித்துவிட்டு என்னையும் தடுத்துவிட்டான். இதே ஒரு மன்றமாக இருந்தால், இந்த யானையை யார் பின்னியது, வால் பக்கம் காட்டு என்று முதல் மணி நேரத்திலேயே நாலு கிழவிகள் பிடித்துக்கொண்டிருப்பார்கள். (அம்மம்மா, கிழவி என்றது அன்பில்.)

ஸ்கார்பரோ_அம்மம்மா (கனடா)

கிழவிதானே, அதுக்கென்ன. வாலைக் காட்டச் சொல்லித்தான் நானும் கேட்டிருப்பன்.

ஆரிக்காரி (ஈரோடு)

இரண்டு நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒன்று சொல்ல வேண்டும், சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன்.

ஆடி மாதம் என் பக்கத்தில் ஒரு அம்மா கமெண்ட் போட்டார். "வேலை நன்றாக இருக்கிறது, ஆனால் முனையில் லாக் சரியாக விழவில்லை போல் தெரிகிறது." அவ்வளவுதான். லாக் என்றால் நூல் பிரியாமல் முனையைப் பூட்டுவது. மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். நான் அழித்துவிட்டேன். அன்றைக்கு மூன்று பேர் விலை கேட்டு நின்றுகொண்டிருந்தார்கள், அந்த வரியை அவர்கள் பார்த்தால் ஆர்டர் போய்விடும். அவர் எந்த முனையைச் சொன்னார் என்றுகூட நான் கேட்கவில்லை.

அக்கா கேட்டது புரிகிறது இப்போது. என்னுடைய பக்கம் எனக்குக் கடை. கடை வாசலில் நின்றுகொண்டு யாராவது வாத்தியார் வேலை பார்த்தால் நான் என்ன செய்வேன்? நானும் ஒரு சந்தேகம் என்றால் அங்கே கேட்க முடியாது, இவளுக்கே தெரியவில்லையா என்று வாடிக்கையாளர் நினைப்பார். வகுப்பு எடுக்கிற அக்காக்களும் அப்படித்தான், ஒருவரும் தெரியாது என்று சொல்லிக் கேட்டதில்லை. இங்கே நான் ஆரிக்காரி மட்டும்தான், என் ஊர்ப் பக்கத்தில் யாருக்கும் இது நான் என்று தெரியாது.

அதனால் கேட்கிறேன். போன மாதம் கொடுத்த ஒரு ப்ளவுஸ் திரும்பி வந்திருக்கிறது. அக்கா வீட்டுப் பெண்ணுக்கு ஆன மாதிரியே. சில்க் த்ரெட், கழுத்து வரிசை, ஓர் இடத்திலிருந்து சரசரவென்று ஒன்றரை அங்குலம் பிரிந்திருக்கிறது. ஃபேப்ரிக் கம் (துணிப் பசை) வைத்துத்தான் கொடுத்தேன். என்ன தப்பு?

பழையநூல் (சென்னை)

பின்பக்கத்தைப் படம் எடுத்துப் போடு அம்மா. லைனிங்கைக் கொஞ்சம் பிரித்துவிட்டு, நல்ல வெளிச்சத்தில். தொடங்கிய முனை எது, முடித்த முனை எது என்று சாக்பீஸால் குறித்துவிடு.

ஆரிக்காரி (ஈரோடு)

போட்டிருக்கிறேன். பார்க்க அசிங்கமாக இருக்கிறது, திட்டாதீர்கள்.

பழையநூல் (சென்னை)

திட்ட என்ன இருக்கிறது, என் குஷன் உறையை நீ பார்த்ததில்லை.

பார், தொடங்கிய முனை கெட்டியாக இருக்கிறது. பிரிந்தது முழுக்க முடித்த முனையிலிருந்து. சங்கிலித் தையல் எப்போதும் அந்தப் பக்கம்தான் பிரியும், கடைசி வளையத்தைப் பிடித்துவைக்க அடுத்த வளையம் இல்லை பார், அதனால். நீ கடைசி வளையத்தை மேலே எடுத்து, அப்படியே நூலை அறுத்து, பின்னால் கம் தடவியிருக்கிறாய். வளையத்தின் தலைக்கு மேல் தாண்டி ஒரு சின்னத் தையலாக நூலைக் கீழே இறக்கவே இல்லை. பருத்தி நூலாக இருந்தால் கரகரப்பில் கொஞ்சக் காலம் தாங்கும், சில்க் த்ரெட் வழுக்கிக்கொண்டு போய்விடும். கம்மை நம்பாதே, துவைக்கத் துவைக்க விட்டுவிடும்.

சரிசெய்ய: பிரிந்த இடத்தோடு நிறுத்தாமல் இன்னும் நாலைந்து சங்கிலி நீயே பிரித்துவிடு, அந்தப் பகுதி ஏற்கெனவே தளர்ந்திருக்கும். திறந்து நிற்கும் வளையத்துக்குள் ஊசியை விட்டு அங்கிருந்தே புது நூலைத் தொடங்கு. முடிக்கும்போது கடைசி மூன்று தையலை மிகச் சின்னதாக, நெருக்கமாகப் போடு, கடைசி வளையத்தைத் தாண்டி நூலைக் கீழே இறக்கி, பின்னால் முடிச்சு. பழைய நூல் வாலையும் அதோடு சேர்த்து முடிந்துவிடு.

ஆரிக்காரி (ஈரோடு)

ஐயோ. அப்படியானால் நான் இதுவரை கொடுத்தது எல்லாமே இப்படித்தான் இருக்கும். வீடியோவில் கடைசி முடிச்சு வரும்போது வேகமாக ஓட்டிவிடுவார்கள், நான் அறுத்துக் கம் வைப்பதுதான் லாக் என்று நினைத்துவிட்டேன். சில்க் த்ரெட் வேலை மட்டும் நாலு ப்ளவுஸ் வெளியே இருக்கிறது.

ஸ்கார்பரோ_அம்மம்மா (கனடா)

நாலையும் திருப்பிக் கேட்டு வாங்கு பிள்ளை, துவைக்க முந்தி. காசு வேண்டாம், சும்மா ஒரு தரம் பார்த்துத் தாறன் என்று சொல்லு, சந்தோஷமாகத் தருவினம்.

மன்றக்காவல் (மதுரை)

கடைசி ஆறு பதிவுகளையும் நகலெடுத்துத் தனி இழையாகப் போட்டுவிட்டேன், தலைப்பு: "ஆரி: முடித்த முனையிலிருந்து வரிசை பிரிகிறது (சில்க் த்ரெட்)". ஆரிக்காரி, படத்தை இங்கேயே ஏற்றியிருக்கிறீர்கள், நல்லது. பழையநூல் அக்கா, அந்தப் படத்தின் மேல் அம்புக்குறி போட்டுத் தர முடியுமா? அதையும் இந்த மன்றத்தின் சர்வரிலேயே ஏற்றுங்கள், வெளித் தளத்தில் போட்டு இணைப்பு மட்டும் கொடுக்காதீர்கள்.